வலப்பக்கத்து லைற்

“கழட்டு எண்டு சொல்லுறன், கையைக் கொண்டா—”

“விடுங்கோ கையை! கழட்ட மாட்டன் எண்டால் கழட்ட மாட்டன். எட்டு நாளாய் வராத அவசரம் இண்டைக்கு என்ன—”

“நாலு மணிக்கு அவன் வாறான் எண்டு உனக்கு எத்தினை தரம்—”

“வரட்டும். வந்து பாக்கட்டும். எரியேல்லை எண்டதை அவனும் தன்ரை கண்ணாலை பாத்திட்டுப் போகட்டும்!”

“மெல்லக் கதை, ஞானம். மதிலுக்கு அங்காலை ஆக்கள் நிக்குதுகள்.”

சீவரத்தினம் மனைவியின் வலது கையை விட்டார். அவர் பிடித்த இடம் சிவந்திருந்தது. ஞானாம்பிகை இரண்டு தங்கக் காப்புகளையும் முழங்கைப் பக்கமாக ஏற்றிவிட்டு, கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டாள்.

கார் முற்றத்தில், வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி நின்றது. டிக்கி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த ஸ்பெயார் ரயர், காரைத் தூக்கும் யாக்கு, பழைய சாக்கு எல்லாம் வெளியே எடுத்து ஈர மண்ணில் வைக்கப்பட்டிருந்தன. நம்பர்த்தகடு நடுவில் நெளிந்திருந்தது. பம்பரில் ஒரு கையளவு பள்ளம். ஆனால் இரண்டு பக்கத்துச் சிவப்புக் கண்ணாடிகளிலும் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. உடைந்திருந்தால், அடிபட்டதில் உடைந்தது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம்.

இடப்பக்கத்துப் பிறேக் லைற்றைச் சீவரத்தினம் காலையிலேயே மாற்றிவிட்டார். அந்தப் பக்கம் லேசு. ஒரு மூடியைத் திறந்தால் கை நேரே போகும். வலப்பக்கத்தில் பெற்றோல் குழாய் குறுக்கே வருகிறது. குழாய்க்கும் தகரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் அவருடைய கை பாதியிலேயே இறுகிவிடும். லைற்றை முழுதாக வெளியே எடுப்பதென்றால் பம்பரைக் கழற்ற வேண்டும். கராச்சில் அரைநாள் வேலை அது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இந்தக் காரை வாங்கிய புதிதில், சந்திக் கராச் ஜெயதீபன்தான் சிரித்துக்கொண்டு சொன்னான்: “அக்கான்ரை கை மாதிரிச் சின்னக் கை எண்டால் பம்பரிலை தொடத் தேவையில்லை, அண்ணை.” அன்றிலிருந்து வலப்பக்கத்துப் பல்ப் ஞானாம்பிகையின் பொறுப்பு. இதுவரை மூன்று தரம் மாற்றியிருக்கிறாள். காப்பைக் கழற்றினால்தான் அவளுடைய கையும் போகும். காப்போ சவுக்காரம் போட்டால்தான் கழலும்.

“கராச்சுக்குக் கொண்டு போங்கோவன்,” என்றாள்.

“கொண்டு போய்? ‘தம்பி ஜெயதீபன், பிறேக் லைற் எரியேல்லை, ஒருக்காப் போட்டு விடு’ எண்டு சொல்லவோ? பொழுதுபட முன்னம் அளவெட்டி முழுக்கத் தெரிஞ்சிடும்.”

“அப்ப ஊருக்குத் தெரியாமல் நான் கள்ளவேலை செய்யோணும்.”

“பல்ப் மாத்திறது கள்ளவேலையோ?”

“மாத்தவேண்டிய நாளிலை மாத்தியிருந்தால் வேலை. இண்டைக்கு மாத்தினால் வேறை என்ன பேர் அதுக்கு?”

சீவரத்தினம் ரயரின் மேல் உட்கார்ந்தார். அறுபத்தெட்டு வயது. தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்தவர். ஊரில் யாரும் அவருடைய சொல்லைச் சந்தேகித்ததில்லை. அந்தச் சொல்தான் எட்டு நாட்களுக்கு முன் பிசகியது.

அன்று இருவரும் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். வைரவர் கோயிலடியில் சீவரத்தினம் வழமைபோலப் பிறேக் பிடித்தார். அந்த இடத்தில் காரை நிறுத்தி, ஸ்ரேறிங்கிலிருந்து கையை எடுத்துக் கும்பிடாமல் அவர் ஒருநாளும் போனதில்லை. பின்னால் ஸ்கூட்டியில் வந்த கீர்த்திகா அப்படியே வந்து மோதினாள். நாலு வீடு தள்ளியிருக்கும் பார்த்தீபனின் மூத்த மகள். முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, இப்போது வீட்டில் கட்டிலில் கிடக்கிறாள்.

விழுந்த இடத்தில் கிடந்தபடியே அவள் சொன்னது ஒரே ஒரு சொல்தான். “பெரியப்பா பிறேக் பிடிச்சது தெரியேல்லை. லைற் எரியேல்லை.”

சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். சீவரத்தினம் அவர்களைப் பார்த்து, “லைற் எல்லாம் எரியுது. பிள்ளை போனைப் பாத்துக்கொண்டு வந்திருக்கும்,” என்றார்.

அவ்வளவுதான். மாலைக்குள் அந்தப் பேச்சு வளர்ந்தது. கீர்த்திகா போன் பார்த்தாள் என்பது, யாரோ பெடியனோடு கதைத்துக்கொண்டு வந்தாள் என்று ஆயிற்று. பார்த்தீபன் ஆஸ்பத்திரி விறாந்தையில் சீவரத்தினத்தின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். பொலிசுக்குப் போகவில்லை. மகளின் போனைப் பறித்தான். ஸ்கூட்டியை விலைக்குக் கொடுத்துவிட்டான். கால் சுகமானாலும் இனி வேலைக்குப் போகத் தேவையில்லை என்று சொல்லிவிட்டான். ஆனால் மகள் மட்டும் தன் சொல்லை மாற்றவில்லை. அதனால்தான் இன்று காலை போன் எடுத்தான். “அண்ணை, குறை நினையாதேங்கோ. நாலு மணிக்கு ஒருக்கா வாறன். உங்கடை லைற் எரியிறதை வீடியோவிலை அவளுக்குக் காட்டி, வாயை அடைக்கப்போறன்.”

“இஞ்சாருங்கோ,” ஞானாம்பிகை குரலைத் தணித்தாள். “போய்ச் சொல்லிப்போடுவம். இப்ப நடந்தே போவம். அவன் வெளிக்கிட முன்னம்.”

“என்னெண்டு சொல்லுறது?”

“லைற் எரியேல்லை, பிள்ளை சொன்னது சரி எண்டு.”

“சொன்னால் அவளின்ரை கால் பொருந்திடுமோ?”

“காலைக் கம்பி பொருத்தும். பொய்க்காரி, போன்காரி எண்டு ஊர் சொல்லுதே, அதை ஆர் வந்து பொருத்துறது? தேப்பனே நம்பேல்லை. இருபத்திநாலு வயதுப் பிள்ளை. நாளைக்கு ஒரு கலியாணம் பேசினாலும் உந்தக் கதைதான் முன்னுக்குப் போகும்.”

“எட்டு நாள் ஏன் வாயைத் திறக்கேல்லை எண்டு கேப்பான்.”

“கேக்கட்டும். கேக்கத்தானே வேணும்.”

“உனக்கு என்ன, நிண்டு பாத்துக்கொண்டு இருப்பாய். சொன்னவன் நான்தானே.”

“ஓம். சொன்னது நீங்கள்தான். நடுறோட்டிலை நிண்டு, இரத்தத்தோடை கிடந்த பிள்ளைக்கு மேலை பழியைப் போட்டது நீங்கள்தான். நான் பக்கத்திலை நிண்டு விறைச்சுப்போனன். அதுதான் நான் செய்த பிழை.”

“அது மட்டுமோ?”

“வேறை என்ன?”

சீவரத்தினம் ரயரிலிருந்து எழுந்தார். கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

“சரி. போவம். நானே சொல்லுறன். ஆனால் சொன்னால் முழுக்கச் சொல்லோணும், ஞானம். இடப்பக்கம் ஆவணியிலேயே எரியாமல் போச்சுது. மற்றது எரியுது, காணும் எண்டு விட்டது நான். அது என்ரை பிழை. வலப்பக்கம் போனது எப்ப? கௌரி விரதம் துவங்கி நாலாம் நாள். கேற்றடியிலை நிண்டு கண்டது ஆர்?”

“நான்தான். உடனை உங்களுக்குச் சொன்னனான்.”

“சொன்னாய். நான் அண்டைக்குப் பின்னேரமே பல்ப் வாங்கிக்கொண்டு வந்து உன்ரை கையிலை தந்தனான். தந்தனோ இல்லையோ?”

அவள் சேலைத் தலைப்பைக் கையில் இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

“‘விரதத்துக்கை காப்பைக் கழட்டிப்போட்டு வெறுங்கையாய் நிக்க மாட்டன். புருசனுக்காகப் பிடிக்கிற விரதம். இருபத்தொரு நாளும் முடியட்டும்’ எண்டு ஆர் சொன்னது? நான் ரெண்டாம் தரமும் கேட்டனான். மூண்டாம் தரம் கேக்கப் பயத்திலை கேக்கேல்லை. பதினாறாம் நாள் அவள் வந்து அடிபட்டாள்.”

“நீங்கள் கராச்சுக்குக் கொண்டு போயிருக்கலாம்.”

“போயிருக்கலாம். போகேல்லை. நீ கழட்டியிருக்கலாம். கழட்டேல்லை. இதையும் சேத்துத்தான் சொல்லோணும். தாய்க்காரி துஷாந்தினி உன்னைப் பாத்துக் கேப்பாள், ‘அக்கா, ரெண்டு காப்பைக் கழட்ட மனமில்லாமலோ என்ரை பிள்ளையின்ரை கால் போனது?’ எண்டு. அதுக்கு என்ன சொல்லுறாய் எண்டு இப்பவே யோசிச்சு வை. வா, போவம்.”

அவர் படலைப் பக்கம் இரண்டு அடி வைத்தார். ஞானாம்பிகை நின்ற இடத்திலேயே நின்றாள்.

எட்டு நாட்களாக அவள் இந்தக் கதையை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். சமைக்கும்போது, விளக்கு வைக்கும்போது, விரதத்தின் கடைசி நாள் கோயிலில் இடக்கையை நீட்டிக் காப்புநூல் கட்டும்போது. ஒவ்வொரு முறையும் கதை வைரவர் கோயிலடியில்தான் தொடங்கும். அவர் பொய் சொன்னார், அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அதற்கு முந்திய பன்னிரண்டு நாட்களுக்கு அவள் போனதே இல்லை. பல்ப் ஒரு சின்னக் கடதாசிப் பெட்டியில், சுவாமி அறைத் தட்டில், திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் பூ வைக்கும்போது அதைக் கண்டவள் அவள்.

“நேரம் என்ன?” என்று கேட்டாள்.

“மூண்டேகால்.”

அவள் கிணற்றடிக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தமும், சவுக்காரத்தை உரசும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்தபோது காப்புகள் அவளுடைய இடக்கையில், ஈரத்தோடு இருந்தன. அவற்றைக் கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

டிக்கிக்குள் குனிந்து, கன்னம் தகரத்தில் அழுந்தும்படி சாய்ந்து, வலது கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு போயிற்று. முழங்கை மடிந்தது.

“டோச் பிடிக்கட்டோ?”

“டோச் பிடிச்சு என்னத்தைப் பாக்கப்போறியள்? உந்தக் காருக்கு என்ரை விரல்தான் கண்.”

“இடப்பக்கமாய்த் திருப்பு.”

“எனக்குத் தெரியும்.”

“அமத்தாமல் திருப்பினால் உடைஞ்சிடும்—”

“எனக்குத் தெரியும் எண்டு சொன்னனான்! அங்காலை போய் நில்லுங்கோ. மூச்சு வந்து கழுத்திலை அடிக்குது.”

பல்ப் இருக்கும் பிடி கிடைத்தது. கால்வாசி திருப்ப, அது வயரோடு கையில் வந்தது. பழைய பல்ப்பை அமர்த்தித் திருப்பி எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்தபடி கையை மெல்ல வெளியே இழுத்தாள். கண்ணாடி உள்ளே கறுத்துப் போயிருந்தது. அவர் அதை வாங்கி, உற்றுப் பார்த்து, மற்றப் பைக்குள் போட்டார். சுவாமி அறையிலிருந்து எடுத்து வைத்திருந்த புதிய பல்ப்பைக் கொடுத்தார்.

அதில் இரண்டு பக்கமும் சின்ன முளைகள் உண்டு. ஒன்று மேலே, மற்றது கொஞ்சம் கீழே. மாறிப் பிடித்தால் போகாது. முதல் தரம் போகவில்லை. அவள் உள்ளேயே அதைத் திருப்ப முயன்றாள். பல்ப் வழுக்கி, தகரத்தில் இரண்டு தரம் தட்டி, எங்கோ அடியில் போய் விழுந்தது.

“விழுந்திட்டுது,” என்றாள். அந்தச் சொல் அவளுடைய வாயிலிருந்து ஒரு பெருமூச்சைப்போல வந்தது. “இனி எடுக்கேலாது. முடிஞ்சுது.”

“இன்னொண்டு கிடக்கு.”

“என்ன?”

“காலமை இடப்பக்கத்துக்கு வாங்கேக்கை ரெண்டாய்த்தான் வாங்கினனான், அச்சுவேலியிலை. இஞ்சை வாங்கினால் ஆரும் காண்பினம் எண்டு பஸ்சிலை போய் வாங்கினது.” அவர் இரண்டாவது பல்ப்பைத் துணியில் துடைத்து நீட்டினார்.

ஞானாம்பிகை அவருடைய முகத்தைப் பார்த்தாள். “நல்லாய்த்தான் யோசிச்சிருக்கிறியள்,” என்றாள்.

“கெதியாய்ப் போடு.”

இந்தமுறை போயிற்று. பிடியைத் திரும்பப் பொருத்தும்போது தகரத்தின் விளிம்பு நடுவிரலைக் கீறியது. கையை வெளியே எடுத்தபோது கிறீசும் இரத்தமும் சேர்ந்து வழிந்தன. சேலைத் தலைப்பால் விரலைச் சுற்றிக்கொண்டாள். சீவரத்தினம் போய்ச் சாவியைத் திருப்பிப் பிறேக்கை மிதித்தார். மழை இருட்டில் முற்றத்து மண் இரண்டு பக்கமும் சிவந்தது.

“எரியுதோ?”

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் இனி மாற்ற நேரமில்லை. பார்த்தீபன் வந்து தானே பார்ப்பான். அவள் வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லாமல் எல்லாம் முடிந்துவிடும்.

“ஞானம்! எரியுதோ எண்டு கேக்கிறன்!”

“ரெண்டும் எரியுது.”

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே படலையில் சைக்கிள் மணி கேட்டது. ரயரை உள்ளே வைக்க நேரம் போதவில்லை. பார்த்தீபன் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, ஒரு பையோடு வந்தான். தோட்டத்திலிருந்து நேரே வந்திருக்கிறான். காலில் சேறு காயவில்லை.

“அண்ணை, உங்களிலை சந்தேகத்திலை வந்தனான் எண்டு மட்டும் நினைச்சுப்போடாதேங்கோ.” பையை ஞானாம்பிகையிடம் நீட்டினான். “கத்தரிக்காய், அக்கா. விரதம் முடிச்ச வீட்டுக்குச் சும்மா போகாதேங்கோ எண்டு துஷாந்தினி தந்துவிட்டவள்.”

அவள் இடக்கையால் பையை வாங்கினாள்.

“கால் எப்பிடி இருக்கு பிள்ளைக்கு?” சீவரத்தினம் கேட்டார்.

“கால் பரவாயில்லை, அண்ணை. வாய்தான் சரிவருகுதில்லை. காலமையும் தாயோடை சண்டை. ‘எரியேல்லை அம்மா, சத்தியமாய் எரியேல்லை’ எண்டு. நான் சொன்னனான், ‘உன்னை றோட்டிலை இருந்து தூக்கிக்கொண்டு ஓடின மனுசன் பொய் சொல்லுமோடி’ எண்டு.” பார்த்தீபன் நிலத்தில் கிடந்த ரயரையும் யாக்கையும் பார்த்தான். “டிக்கி கழுவினனீங்களோ?”

“ஓம்... ஓம். மழைத்தண்ணி உள்ளுக்கு இறங்கிப்போச்சு.”

“என்ரை பிள்ளை அடிச்ச அடியிலை றப்பர் விலகியிருக்கும், அண்ணை. ஜெயதீபனைக் கொண்டு செய்விச்சுத் தாறன்.”

“வேண்டாம், வேண்டாம். உதெல்லாம் எதுக்கு.”

“சரி, ஒருக்கா ஏறிப் பிறேக்கை மிதியுங்கோ. நான் வீடியோ எடுக்கேல்லை. தாயின்ரை போனுக்கு வீடியோ கோல் எடுத்து நேரிலையே காட்டுறன். பழைய வீடியோ எண்டு பிறகு ஒரு கதை சொல்லாமல் இருக்கட்டும்.”

சீவரத்தினம் மனைவியைப் பார்க்காமல் காருக்குள் ஏறினார். பார்த்தீபன் போனை நீட்டிப் பிடித்தான். மறுபக்கத்தில் துஷாந்தினியின் குரல் கேட்டது. பிறகு கட்டிலின் தலைமாடு, தலையணை, கீர்த்திகாவின் முகம்.

“மிதியுங்கோ, அண்ணை! ஆ... பார். நல்லாய்ப் பார். ரெண்டும் எரியுதோ இல்லையோ?”

போனில் சத்தம் இல்லை.

“வாயிலை என்ன? எட்டு நாளாய் ஓயாத வாய்! எரியுதோ இல்லையோ?”

“எரியுது, அப்பா.”

“அப்ப என்ன சொல்லோணும்?”

கீர்த்திகா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். பிறகு, “பெரியம்மா அங்கை நிக்கிறாவோ?” என்று கேட்டாள்.

“நிக்கிறா. ஏன்?”

“அவவிட்டை ஒருக்காக் குடுங்கோ.”

“மன்னிப்புக் கேக்கப்போறாளாக்கும், பிடியுங்கோ அக்கா,” என்று பார்த்தீபன் போனைக் கொடுத்தான். அவனுடைய முகத்தில் எட்டு நாட்களுக்குப் பிறகு ஓர் ஆறுதல் தெரிந்தது.

ஞானாம்பிகை போனை இரண்டு கையாலும் பிடித்தாள். கீர்த்திகா மெலிந்திருந்தாள். வாரிக் கட்டாத தலைமயிர் கன்னத்தில் ஒட்டிக்கிடந்தது.

“பெரியம்மா, விரதம் நல்லபடி முடிஞ்சுதோ?”

“ஓம், பிள்ளை.”

“நான் போன் பாக்கேல்லை, பெரியம்மா. போன் பைக்குள்ளை, சீற்றுக்குக் கீழை இருந்தது. ஆனால் எல்லாரும் சொல்லச் சொல்ல, இப்ப எனக்கு என்ரை கண்ணிலையே நம்பிக்கை இல்லாமல் வருது. கண்ணை மூடினால் கார் நிக்குது, பின்பக்கம் ஒண்டும் எரியாமல் இருட்டாய்க் கிடக்குது. பிறகு யோசிக்கிறன், எரிஞ்சுதான் இருக்குமோ, எனக்குத்தான் விசர் பிடிச்சிட்டுதோ எண்டு. பயமாய் இருக்கு, பெரியம்மா.”

“கீர்த்தி, காணும்,” என்றான் பார்த்தீபன். “பெரியம்மாவைக் கரைச்சல் படுத்தாதை.”

“ஒண்டே ஒண்டு, அப்பா. பெரியம்மா ஒரு சொல்லுச் சொன்னால் காணும். நான் அதோடை விட்டிடுவன். பெரியப்பாட்டையும் மன்னிப்புக் கேக்கிறன், உங்களிட்டையும் கேக்கிறன். இனி இதைப் பற்றி வாயே திறக்க மாட்டன்.”

“காணுமோ?” காருக்குள்ளிருந்து சீவரத்தினம் கேட்டார். “காலை எடுக்கட்டோ?”

அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவர் காலை எடுக்கவும் இல்லை. சிவப்பு வெளிச்சம் ஞானாம்பிகையின் சேலையில் அப்படியே நின்றது.

“பெரியம்மா, அண்டைக்கும் உது எரிஞ்சதோ?”